ஆண்டுக்கு 28,800 வெள்ளி கொடுத்து இளமையை வாங்கலாமா?

செந்தூலில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 64. எட்டு வருடமாக இனிப்புநீர் (நீரிழிவு), அதற்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். ஓராண்டாக ஓயாத சோர்வு. மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறார். தாம்பத்திய ஆர்வம் குறைந்துவிட்டது, வயிறு முன்னே வந்துவிட்டது. கோலாலம்பூரில் முதுமையைத் தள்ளிப்போடுவதாகச் சொல்லும் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்கு 10.8 நானோமோல், 'உடல் வயது' 71 என்று சொல்லியிருக்கிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசி, தினமும் வளர்ச்சி ஹார்மோன் ஊசி, டிஎச்இஏ என்ற இன்னொரு ஹார்மோன் மாத்திரை, மாதம் ஒரு வைட்டமின் டிரிப், எல்லாம் சேர்த்து ஓராண்டுக்கு 28,800 மலேசிய வெள்ளி (ரிங்கிட்). ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்துக் கட்டலாமா என்கிறார். கூடப் படித்த நண்பர் ஆறு மாதமாக இதையே செய்துகொண்டு, "நாற்பது வயசு மாதிரி இருக்குடா" என்கிறாராம்.

சார், பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணத்தைக் கட்டாதீர்கள். வளர்ச்சி ஹார்மோன் வேண்டவே வேண்டாம். டிஎச்இஏ காசுக்குக் கேடு. டெஸ்டோஸ்டிரோன் மட்டும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம், அதையும் உங்கள் கையில் இருக்கும் அந்த ஒற்றைத் தாளை வைத்துப் பேச முடியாது. நான் டாக்டர் இல்லை. பினாங்கில் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் 31 வருடம் இருந்தவன். இந்த ஊசிகளை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த கை என்னுடையது, அதனால் யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுக்கவில்லை என்பது ஓரளவு தெரியும்.

என் கதையையும் கேளுங்கள். 61 வயதில் நானும் இப்படி ஒரு இடத்தில் போய் உட்கார்ந்தேன். பெயர் வேண்டாம். பளிங்குத் தரை, எலுமிச்சைத் துண்டு போட்ட தண்ணீர், சாய்ந்தால் எழ மனம் வராத நாற்காலி. அப்போது மணி மாலை நான்கு. மத்தியானம் நாசி கண்டார் சாப்பிட்டிருந்தேன், குழம்பு தாராளமாக ஊற்றி. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் கடும் காய்ச்சலிலிருந்து எழுந்திருந்தேன். ரத்தம் எடுத்தார்கள், 9.4 வந்தது. முடிவைச் சொன்ன பெண் முகத்தை அப்படிச் சோகமாக வைத்துக்கொண்டு சொன்னாள், எனக்கே என்மேல் பரிதாபம் வந்துவிட்டது. மருந்துக்காரனுக்கே இந்தக் கதி. பழைய ஆய்வக நண்பரிடம் சொன்னேன், சிரித்தார். "ஒரு மாதம் போகட்டும், காலையில் எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு வா" என்றார். போனேன். 14.2.

மாயம் ஒன்றும் இல்லை. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து பிற்பகலில் இறங்கும். வயதானவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் இளைஞர்களைவிடக் குறைவுதான், ஆனால் எல்லைக்கோட்டில் நிற்பவரைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ள அது போதும். சாப்பிட்டதும் இறங்கும். காய்ச்சல் வந்தாலும், தூக்கம் கெட்டாலும் இறங்கும். அதனால்தான் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் வழிகாட்டிகள் காலையில், வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாளில் எடுத்துப் பார்த்த பிறகே குறைவு என்று சொல்ல வேண்டும் என்கின்றன. உங்களுக்கு எடுத்தது பிற்பகல் மூன்றரைக்கு. தாளிலேயே நேரம் அச்சாகியிருக்கிறது. அதற்கு முன் அவர்கள் உங்களுக்கு மைலோவும் பிஸ்கட்டும் வேறு கொடுத்திருக்கிறார்கள்!

அந்த 10.8 நானோமோலை அமெரிக்கக் கணக்குக்கு (டெசிலிட்டருக்கு நானோகிராம்) மாற்றினால் ஏறத்தாழ 311. கீழே நான் சொல்லப்போகும் இரண்டு பெரிய அமெரிக்க ஆய்வுகளில் ஆட்களைச் சேர்த்தது 300-க்குக் கீழே அல்லது 275-க்குக் கீழே. சாப்பிட்டுவிட்டுப் பிற்பகலில் கொடுத்த ரத்தத்திலேயே நீங்கள் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறீர்கள். இன்னொன்று: வயிறு பெருத்தவர்களுக்கும் இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் இந்த ஹார்மோனைச் சுமந்து செல்லும் புரதம் குறைவாக இருக்கும். அதனால் மொத்த அளவு குறைவாகத் தெரியும், ஆனால் உடம்பு உண்மையில் பயன்படுத்தும் பகுதி சரியாகவே இருக்கலாம். அதை அவர்கள் கணக்கிடவே இல்லை. 'உடல் வயது 71' என்பதற்கு மருத்துவத்தில் ஒப்புக்கொண்ட அளவுகோல் எதுவும் கிடையாது. தராசும் அவர்களுடையது, படிக்கல்லும் அவர்களுடையது, சரக்கும் அவர்களுடையது. குறைவு என்று வராமல் எப்படி இருக்கும்?

இனி வளர்ச்சி ஹார்மோன். பணத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போகும், அதனால் இதன் பூர்வீகம் தெரிந்திருப்பது நல்லது. 1990 ஜூலையில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் டேனியல் ரட்மன் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. 60 வயதைத் தாண்டிய 12 ஆண்களுக்கு ஆறு மாதம், வாரம் மூன்று முறை இந்த ஊசி. தசை முதலான கொழுப்பில்லாப் பகுதி 8.8 விழுக்காடு கூடியது, கொழுப்பு 14.4 விழுக்காடு குறைந்தது. ஊசி கொடுத்தது பன்னிரண்டு பேருக்கு, அவ்வளவுதான். இளமை வியாபாரம் முழுக்க அந்தப் பன்னிரண்டு பேரின் முதுகில் ஏறி உட்கார்ந்தது. தங்கள் கட்டுரையைக் காட்டி விற்பதைப் பொறுக்க முடியாமல், 2003-ல் அதே இதழே எச்சரித்து எழுத வேண்டியதாயிற்று.

தசை கூடியதே, பலம் கூடியதா? அங்கேதான் கதை மாறுகிறது. ஆரோக்கியமான முதியவர்களிடம் அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் 2007-ல் சேர்த்துப் பார்த்தார்கள். கொழுப்பு இரண்டு கிலோ போல இறங்குகிறது, தசைப் பகுதி இரண்டு கிலோ போல ஏறுகிறது, அதில் கொஞ்சம் வெறும் நீர். பலம் கூடியதாகக் காணோம். பதிலுக்குக் கால் வீக்கம், மூட்டுவலி, மணிக்கட்டு நரம்பு நெருக்கி விரல் மரத்துப்போவது, சர்க்கரை ஏறுவது. எட்டு வருட இனிப்புநீர்க்காரர் நீங்கள். உங்களுக்குச் சர்க்கரையை ஏற்றும் ஊசியைக் காசு வாங்கிக்கொண்டு தினமும் போடுவதை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த ஹார்மோன் கூடினால் ஆயுள் கூடுமா என்றால், இயற்கை காட்டுவது நேர் எதிர். பிறவியிலேயே இது சுரக்காத குள்ள எலிகள்தான் மற்ற எலிகளைவிட நெடுநாள் வாழ்கின்றன. எக்குவடோரில் இந்த ஹார்மோன் வேலை செய்யாத லாரன் குறைபாடு உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. ஆள் குட்டை, ஆனால் புற்றுநோயும் இனிப்புநீரும் அவர்களிடம் அபூர்வம். மறுபக்கம், கட்டியினால் இது அளவுமீறிச் சுரப்பவர்களுக்கு வைத்தியம் செய்யாமல் விட்டால் இதயமும் சர்க்கரையும் கெட்டு ஆயுள் குறைகிறது. அமெரிக்காவில் முதுமையைத் தடுக்க என்று இதைக் கொடுப்பதே சட்டப்படி குற்றம்.

அதே 1990-ல், ரட்மன் கட்டுரைக்குச் சில வாரம் முன்னால், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இன்னொரு சின்ன ஆய்வு வந்தது. முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேர், சராசரி வயது 90. மரியா ஃபியாட்டரோன் குழு எட்டு வாரம் அவர்களைக் காலால் எடை தூக்க வைத்தது. ஒருவர் பாதியில் நின்றுவிட்டார், மற்ற ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறு வயதுக்காரர்கள், சார்! இதுவும் சின்ன ஆய்வுதான், ஆனால் இதன் முடிவு பிறகு வந்த ஆய்வுகளில் நிலைத்து நின்றது. இதை யாரும் புட்டியில் அடைத்து விற்க முடியவில்லை, அதனால் விளம்பரமும் இல்லை.

டிஎச்இஏ பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. வயது ஏற ஏற இது இறங்கும் என்பது உண்மை. ஏற்றிப் பார்த்தால் என்ன ஆகும் என்று மேயோ கிளினிக் ஆட்கள் முதியவர்களுக்கு இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்து 2006-ல் எழுதினார்கள். ரத்தத்தில் அளவு ஏறியது. பலமோ, நடையோ, இன்சுலின் வேலை செய்யும் விதமோ, வாழ்க்கைத் தரமோ ஏறவில்லை. வைட்டமின் டிரிப் என்பது விலை உயர்ந்த சிறுநீர்.

சரி, டெஸ்டோஸ்டிரோன். இதை மட்டும் அலட்சியமாகத் தள்ள மாட்டேன், ஏனென்றால் இது உண்மையான மருந்து. மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் வந்த கட்டியாலோ விதை (விரை) பாதிப்பாலோ சுரப்பு நின்று போனவர்கள் இந்த ஊசிக்குப் பிறகு ஆளே மாறி வந்ததைக் கவுண்டரில் நின்று பார்த்திருக்கிறேன். கேள்வி, வயதானதால் கொஞ்சம் இறங்கியவருக்கு இது என்ன செய்யும் என்பது.

இதற்கு நல்ல பதில் 2016-ல் வந்தது. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய ஆண்களிடம் ஓராண்டு ஆய்வு. 51,085 பேரைச் சலித்து, அளவு உண்மையிலேயே குறைவாகவும் தொல்லை உள்ளவர்களாகவும் இருந்த 790 பேரைத்தான் சேர்க்க முடிந்தது. பாதிப் பேருக்கு மருந்து ஜெல், பாதிப் பேருக்கு வெறும் ஜெல். தாம்பத்திய ஆர்வம் கூடியது, ஆனால் மிதமாக, ஆண்டு முடிவதற்குள் அதுவும் கொஞ்சம் தணிந்தது. மனநிலை சிறிது தெளிந்தது. நீங்கள் முதலில் சொன்ன சோர்வு? வெறும் ஜெல் தடவியவர்களுக்கும் மருந்து தடவியவர்களுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஞாபகசக்தியிலும் இல்லை. ரத்தசோகை இருந்தவர்களுக்கு அது சரியானது, எலும்பின் அடர்த்தி கூடியது. இதய ரத்தக்குழாய்ச் சுவரில் படிவு கூடியது என்பதும் அதே ஆய்வில்தான்.

அந்தக் கடைசி வரி பலரைப் பயமுறுத்தியதால் இதயத்துக்கென்றே இன்னொரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். டிராவர்ஸ் என்று பெயர், 2023-ல் முடிவு வந்தது. இதயநோய் உள்ள, அல்லது வரும் அபாயம் உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்த்து மருந்து ஜெல் தடவியவர்களில் 7.0 விழுக்காடு, வெறும் ஜெல்காரர்களில் 7.3. அதாவது அந்தப் பயம் பெரும்பாலும் வீண். புராஸ்டேட் புற்றுநோய் பற்றிய பழைய பயத்துக்கும் அந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் இதயத் துடிப்பு தாறுமாறாவது, நுரையீரலில் ரத்தக்கட்டி, திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை மருந்து தடவியவர்களிடம் கொஞ்சம் கூடுதல். எலும்பு அடர்த்தி கூடுகிறதே, முறிவு குறையும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். எண்ணிப் பார்த்தால் மருந்து தடவியவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கு முறிவு, மற்றவர்களில் 2.46. ஏன் என்று இன்னும் வாதம் நடக்கிறது.

உங்கள் கிளினிக் ஒரு ஆய்வைக் காட்டியதாக எழுதியிருந்தீர்கள். அநேகமாக 2021-ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வாக இருக்கும். தொந்தி உள்ள, சர்க்கரை எல்லையில் நிற்கும் ஆயிரம் ஆண்கள், எல்லோருக்கும் எடை குறைக்கும் திட்டம், பாதிப் பேருக்கு இந்த ஊசியும் சேர்த்து. இரண்டு வருடத்தில் இனிப்புநீர் அளவில் இருந்தவர்கள் ஊசிக்காரர்களில் 12 விழுக்காடு, மற்றவர்களில் 21. நல்ல முடிவுதான், நான் மறைக்க மாட்டேன். ஆனால் அது பெரும்பாலும் நோய் வருவதற்கு முன் நிற்பவர்களுக்கு, எடை குறைப்போடு சேர்த்து. அவர்களிலேயே ஐந்தில் ஒருவருக்கு மேல் ரத்தம் அளவுக்கு மீறிக் கெட்டியானது. சிவப்பணுவின் பங்கு 54 விழுக்காட்டைத் தாண்டினால் ஊசியை நிறுத்த வேண்டும் என்பது விதி. உங்கள் ஒப்பந்தத்தில் இந்தப் பரிசோதனை எத்தனை முறை என்று தேடிப் பார்த்தேன். ஒரு முறைகூட இல்லை.

யாரும் முதலில் சொல்லாத இன்னொன்று உண்டு. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், மூளை 'போதும்' என்று விதைகளுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். ஓராண்டு கழித்து ஊசியை நிறுத்தினால் சொந்தச் சுரப்பு எழுந்திருக்கப் பல மாதம் ஆகும். அந்த இடைவெளியில் முன்பைவிட மோசமாக இருக்கும். ஆள் என்ன நினைப்பார்? "ஊசி இல்லாமல் முடியாது" என்று திரும்ப ஓடுவார். அப்புறம் அவர் நோயாளி இல்லை, சந்தாதாரர். (குழந்தை பெற வேண்டிய வயதில் இருக்கும் மகனோ மருமகனோ ஜிம்முக்குப் போய் இதைப் போட்டுக்கொண்டால் விந்தணு எண்ணிக்கையே தரைக்கு இறங்கிவிடும். வீட்டில் சொல்லி வையுங்கள்.)

நண்பர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. 1889-ல் பாரிஸில் பிரௌன்-செக்கார் என்ற பெரிய விஞ்ஞானி, 72 வயதில், நாய், கினிப்பன்றி இவற்றின் விதைச் சாற்றைத் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டு, பலம் திரும்பிவிட்டது, மாடிப்படி ஓடி ஏறுகிறேன் என்று அறிவித்தார். ஊரெல்லாம் கியூ நின்றது. 2002-ல் ஆஸ்திரேலியாவில் அதே முறையில் சாறு எடுத்து அளந்தார்கள். பலன் தரும் அளவுக்கு அதில் ஹார்மோனே இல்லை. அவருக்கு வந்த பலம் நம்பிக்கையின் பலம். அவர் காசுகூடக் கட்டவில்லை, உங்கள் நண்பர் கட்டியிருக்கிறார். அவ்வளவு கட்டியவர் எப்படி 'ஒன்றும் ஆகவில்லை' என்பார்? அதோடு அவர் சிகரெட்டை விட்டதும் ஈப்போவுக்கு மாறியதும் அதே ஆறு மாதத்தில்தானே. நீங்களே எழுதியிருந்தீர்கள்.

இனி உங்கள் தாளில் அவர்கள் வட்டம் போடாத இடத்துக்கு வருகிறேன். 10.8-ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்கள். நாலு வரி கீழே எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 8.1 என்று இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சர்க்கரை அந்த அளவில் இருந்தாலே சோர்வு வரும், ஆர்வம் குறையும், விறைப்பும் கெடும். மனைவி உங்கள் குறட்டை தாங்காமல் ஹாலில் படுக்கிறார் என்கிறீர்கள், பகலில் நாற்காலியில் தூங்குகிறீர்கள். இது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயின் அச்சு அசல் படம். அந்த நோயே டெஸ்டோஸ்டிரோனை இறக்கும். அதைக் கவனிக்காமல் ஊசி போட்டால் மூச்சுத் தடை மோசமாகலாம். அடுத்து, எட்டு வருட மெட்ஃபார்மின். அது பலருக்கு பி12-ஐக் குறைத்துவிடும். குறைந்தால் சோர்வும் கால் மரமரப்பும் வரும். மருந்துக்காரனாக நான் முதலில் கேட்பது இதைத்தான். தைராய்டும் பார்க்கட்டும். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகு வீட்டில் எப்படி இருக்கிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நாற்பது பிள்ளைகள் மத்தியில் இருந்தவருக்கு வீட்டின் அமைதி எல்லா நாளும் சுகமாக இருக்காது.

விறைப்புதான் முக்கியத் தொல்லை என்றால் அதற்கு நேரடியான மாத்திரை இருக்கிறது. காப்புரிமை முடிந்துவிட்டதால் விலையும் இறங்கிவிட்டது. ஆனால் டாக்டரைப் பார்க்காமல் வாங்காதீர்கள். விறைப்புக் குறைவது சில சமயம் இதயக் குழாய் அடைப்பின் முன்னறிவிப்பு. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை சாப்பிடுபவர் இதைத் தொட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடும். இதே காரணத்துக்காகத்தான் தொங்காட் அலி என்ற வேர் கலந்த 'ஆண்மை' கோப்பிப் பொட்டலங்களைப் பற்றி எச்சரிக்கிறேன். அந்த வேர் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. அப்படிப்பட்ட பொட்டலங்களில் அந்த விறைப்பு மாத்திரைகளின் மருந்தான சில்டெனாஃபிலும் டடாலாஃபிலும் ரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. வேர் வேலை செய்தது என்று நினைப்பீர்கள், வேலை செய்தது மாத்திரை.

ஆகையால் செய்ய வேண்டியது: வீட்டருகே உள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசுச் சுகாதார நிலையம்) போங்கள். பதிவுக் கட்டணம் பெயருக்குத்தான். இந்தத் தாளைக் கையில் கொடுங்கள், குறட்டையைச் சொல்லுங்கள், சர்க்கரை மருந்தை மாற்றியமைக்கச் சொல்லுங்கள், பி12 பற்றிக் கேளுங்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்கத்தான் வேண்டும், எலுமிச்சைத் தண்ணீர் கிடைக்காது. வாரம் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி, சோறு பாதியாக. வயிறு இறங்கினால் டெஸ்டோஸ்டிரோன் தானாகவே ஏறும், நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறார்கள்.

மூன்று நான்கு மாதம் கழித்து ரத்தம் கொடுங்கள். காலை எட்டு மணி, வெறும் வயிறு, மைலோகூட வேண்டாம். இரண்டு தடவையும் எட்டுக்குக் கீழே வந்தால் மருத்துவமனையின் நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள். எல்எச், புரோலாக்டின் என்ற பிட்யூட்டரி ஹார்மோன்களைப் பார்த்துக் காரணம் என்ன என்று அவர் தேடுவார். பிறகு ஊசி வேண்டும் என்று அவர் சொன்னால் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள். நீண்ட நாள் வேலை செய்யும் வகை பத்து முதல் பதினான்கு வாரத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு நாலைந்து ஊசி. 28,800 வெள்ளிக்குப் பக்கத்தில்கூடப் போகாது. எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே வந்தால்தான் யோசிக்க வேண்டியிருக்கும். அப்போது எண்களை இங்கே போடுங்கள், ரத்தம் எடுத்த நேரத்தையும் சேர்த்து.